அரைப்பேரு

விடிய அஞ்சு மணிக்குப் போனில் குரல்.
லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு போன்;
புஷ்பவதி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.
சுகிர்தா மிஸ் பேசினாள்:
"மண்சரிவு எச்சரிக்கை. இன்றைக்குப் பாடசாலை இல்லை.
பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள்."

பாதுகாப்பாக என்றால் எங்கே என்று
அந்தப் பதிவில் இல்லை.

இந்த மாதத்தில் இது மூன்றாவது.
முதலில் பரீட்சை நிலையம் என்றார்கள்,
பிறகு சம்பளப் போராட்டம்,
இப்போது மழை.

மலை ஒன்றுதான், பாருங்கள்.
அடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆபத்தாம்.
அதன் தலைக்கு மேலே, பதினாலாம் நம்பரில்
படங்கு கட்டிக் கூடை மாட்டி நிற்கிற எங்களுக்கு
ஒன்றும் இல்லையாம்.
பிரட்டுக்களத்தில் சுப்பரவர் சொன்னார்:
"மழை கொழுந்துக்கு நல்லது."

டிலோஜனுக்கு எட்டு வயது.
அஞ்சு முடிந்தால் பிள்ளைமடுவத்தில் எடுக்கமாட்டார்கள்.
மலைக்குக் கூட்டிப் போகவும் ஏலாது;
போன வருசம் வெள்ளைக்காரர் இரண்டு பேர் வந்து
செடிகளுக்கு இடையே சிறுவர் உண்டா என்று
குனிந்து குனிந்து பார்த்துப் போனபின்
முடக்கில் ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள்.
அவன் அப்பன் வத்தளையில் ஒரு கடையில் கொத்து போடுகிறான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பன்.

ரெண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல்,
போத்தலில் சாயத்தண்ணி.
அடுப்பை அணைத்தேன்.
நெருப்புப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு
வெளியே பூட்டினேன்.
உள்ளேயிருந்து அவன் ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் மலை முழுக்க எனக்குக் கேட்டது.

பத்து மணி நிறுவையில் பேச்சு.
"அவங்களுக்கென்ன, மழை பெஞ்சாலும் மாசச் சம்பளம்."
"ரோட்டுல பதாகை புடிச்சு நின்னதுக்கும் சம்பளந்தானே."
"கீழ் லயத்துல பொறந்தவதானே, குதி வச்ச செருப்பு ஏறுனதும்
மலை மறந்துபோச்சு."
மூன்றாவதைச் சொன்னது நான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்கும் கொஞ்சம் குளிர் விட்டது.

அப்போதுதான் செல்லக்கிளியின் மகன் மேலே ஓடி வந்தான்:
"ஒங்க வாசல்ல மிஸ் நிக்கிறாங்க!"
பாதியில் இறங்கினால் அரைப்பேரு.
இறங்கினேன்.

மிஸ்ஸின் குடை ஒரு பக்கம் ஒடிந்திருந்தது.
குதிச் செருப்பு இல்லை. கால் முட்டு வரைக்கும் சேறு.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
டிலோஜன் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்,
ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் தப்பில்லாமல்.

"பிள்ளையை இப்படிப் பூட்டிட்டா போவீங்க?
லயத்துக்குப் பின்னால மண் வெடிச்சிருக்கு, பாத்தீங்களா?"

"நீ பள்ளிக்கூடத்தைப் பூட்டின,
நான் வீட்டைப் பூட்டினேன்."

நீ என்றுதான் சொன்னேன்,
இந்த நாலு வருசத்தில் முதல் தடவை.

பூட்டினது வலயக் காரியாலயம் என்று அவள் சொல்லியிருக்கலாம்.
திறந்து வைத்து ஏதாவது ஆகியிருந்தால்
யாரை ஏசுவீங்க என்றும் கேட்டிருக்கலாம்.
பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கணக்குத் தாளை எடுத்து
கம்பிக்குள் நீட்டினாள்.
அதற்குள் அவள் போன் அடித்தது.
திரும்பி நின்றுகொண்டு மெல்ல,
"இன்னும் ரெண்டு லயம்தான்டா.
யார் தட்டினாலும் திறக்காத" என்றாள்.
அவள் விரலிலும் ஒரு சாவி வளையம்.

நான் கதவைத் திறந்தேன்.
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று வாய் வரைக்கும் வந்தது.
மடியில் நெருப்புப்பெட்டி
நனைந்து கூழாகியிருந்தது.

மறுநாள் வெயில்.
பள்ளிக்கூடம் திறந்து,
இடாப்பில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள்.
செக்ரோலில் எனக்கு, முந்தின நாளுக்கு, அரைப்பேரு.
நிறுவையில் புஷ்பவதி தொடங்கினாள்: "அவங்களுக்கென்ன..."

நான் மறுத்துப் பேசினேன் என்று சொல்ல ஆசைதான்.
தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெயில் அடித்தும் ஈரக் கொழுந்தென்று
ரெண்டு கிலோ கழித்தார்கள்,
அதற்குத்தான் சண்டை போட்டேன்.

ராத்திரி படுக்கையில் டிலோஜன்
ரகசியம் போலச் சொன்னான்:
"அம்மா, பின்னால இருக்கிற அந்த வெடிப்பு
இன்னைக்கு என் கை முழுசா உள்ள போகுது."